நாலு குதிரையைப் பிடித்து நின்றவரின் கொடி

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கடிதமும் கடைச் சிட்டையும் தவிர வேறொன்றும் எழுதிப் பழக்கமில்லை. எழுத்துச் சரிந்து போகும். சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எங்கேயோ போய்விடுவேன். மறதியும் கூடிவிட்டது. காலையில் மருந்தைக் குடித்தேனா என்று மத்தியானம் யோசிக்கிறவள், நூறு வருசத்துக்கு முந்தின ஒரு குதிரைப்படையின் கதையை எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதுவும் எங்களுடைய படையல்ல, போலந்து நாட்டுப் படை.

அந்தப் படைக்கு ஒரு இலக்கம் உண்டு. எத்தனை தரம் கேட்டும் அது என் மனதில் தங்கவில்லை. நிறங்கள் தங்கியிருக்கின்றன. மேலே கருஞ்சிவப்பு, கீழே வெள்ளை. ஆளைவிட உயரமான ஈட்டியின் நுனியில் கட்டுகிற சின்னக் கொடி அது. முனை மீன் வால் போல இரண்டாகப் பிரிந்திருக்கும். அப்படி ஒன்று கொஞ்ச நாள் என் கையில் இருந்தது.

பாரிசில், லா சப்பலில் எங்கள் கட்டடத்தின் நாலாம் மாடியில், என் கதவுக்கு நேரெதிர்க் கதவு முசியேயுடையது. பெயர் சொல்ல மாட்டேன். பத்தொன்பது வருசமாக நானும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவர் என்னை மதாம் என்பார், நான் அவரை முசியே என்பேன். எண்பதைத் தொட்டவர். ரெயில் பட்டறையில் வேலை செய்து ரெத்ரெத், அதுதான் ஓய்வு, எடுத்தவர். மனைவி எப்போதோ போய்விட்டார். அவருடைய கதவில் பித்தளைத் தகட்டில் குடும்பப் பெயர் வெட்டியிருந்தது. படியேறி மூச்சு வாங்க நிற்கும்போதெல்லாம் என் கண் அந்தத் தகட்டில்தான் நிற்கும். அதை உச்சரிக்க எனக்கு வராது. ஆனால் தெரிந்த ஒருவரின் முகம் போல அந்த எழுத்துகளின் உருவம் பதிந்துவிட்டது.

முதல் பன்னிரண்டு வருசமும் போன்சூர் என்கிற வணக்கம் மட்டும்தான். எனக்குக் கூச்சம். பிறகு அவருடைய கண் கெட ஆரம்பித்தது. நேரே பார்த்தால் தெரியாதாம், கடைக்கண்ணுக்குத்தான் கொஞ்சம் தெரியுமாம். கோழி பார்க்கிற மாதிரித் தலையைச் சரித்துத்தான் எதையும் பார்ப்பார். ஊசியில் நூல் கோத்துத் தரச் சொல்லி ஒருநாள் கதவைத் தட்டினார். அதிலிருந்து பேச்சுத் தொடங்கியது. அவர் பேசியது பிரெஞ்சு. எனக்கு விளங்கினபடி, எங்களுடைய ஊர்ப் பேச்சில் எழுதுகிறேன்.

போன இலையுதிர் காலம் முடிகிற நேரம், ஒரு பழைய பிஸ்கட் டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"மதாம், நீங்கள் சேலைக்கடைக்குத் தைச்சுக் குடுக்கிறனீங்கள் எல்லே. எனக்கு ஒரு சின்ன வேலை."

லூயி-பிளாங் தெருப் பக்கமிருக்கிற ஒரு கடைக்கு நான் சேலைக்கரை அடித்துக் கொடுப்பது வழக்கம். "கொண்டாங்கோ முசியே" என்றேன்.

டின்னுக்குள் அந்தக் கொடி இருந்தது. ஓரமெல்லாம் நூலாகிக் கிடந்தது. ஊதினால் பறந்துவிடும் போல இருந்தது. அவருடைய அப்பாவின் ஈட்டியில் இருந்ததாம். பதினைந்து நாளில் போலந்திலிருந்து ஒரு சிறிய நூதனசாலையின் பொறுப்பாளர் பெண் வருகிறாளாம். பழைய குதிரைப்படைச் சாமான்களை மட்டும் பார்வைக்கு வைக்கிற இடம். அவள் கையில் கொடுக்கும்போது உதிர்ந்துவிடாமல், பின்னால் ஒரு துணி வைத்துப் பிடித்துத் தர வேண்டும்.

"ஒண்டு மட்டும் மதாம். கழுவிப்போடாதையுங்கோ. அதிலை என்ர அப்பாவின்ர குதிரை மணக்குது."

நான் முகர்ந்து பார்த்தேன். பிஸ்கட் டின் மணம்தான் வந்தது. அதை அவருக்குச் சொல்லவில்லை.

அடுத்த நாள் நல்ல வெள்ளைப் பருத்தித் துணி வாங்கிவந்தேன். இனி வருவதை எழுதத்தான் எனக்கு வெட்கம். புதுத்துணியை நாங்கள் சும்மா எடுப்பதில்லை. ஒரு மூலையில் மஞ்சள் தொட்டு வைத்துவிட்டுத்தான் உடுத்துவோம், ஆருக்கும் கொடுப்பதென்றாலும் அப்படித்தான். நான் யோசித்துச் செய்யவில்லை. கை தன்பாட்டில் டப்பாவைத் திறந்தது, தண்ணீரில் குழைத்தது, மூலையில் தொட்டது. பிறகு அந்தத் துணியைக் கொடிக்குப் பின்னால் வைத்து, ஊசி போனது தெரியாமல் தைத்தேன். மடிப்பு நிற்பதற்காக நீர் தெளித்து மெல்ல இஸ்திரி போட்டேன். எடுத்துப் பார்த்தால், பின்துணியில் இருந்த மஞ்சள் ஊறிக் கொடியின் வெள்ளை வாலுக்கு வந்துவிட்டது. ஒரு தேசிக்காய் அளவு, எலுமிச்சம்பழ மஞ்சளாய்.

பதறிப்போய் நுனி விரலால் சவர்க்காரம் தொட்டுக் கறையில் தேய்த்தேன். மஞ்சள் செங்கல் நிறமாய்ச் சிவந்தது. ஐயோ என்று ஈரத் துணியால் ஒற்றினேன். திரும்ப மஞ்சளானது, முன்னையைவிடப் பெரிதாக.

ஓல்னே-சூ-புவாவில் இருக்கிற மகளுக்குப் போன் எடுத்தேன்.

"அம்மா, உங்களுக்கு விசரே? வெள்ளைக்காரன்ர படைக்கொடிக்கு மஞ்சள் பூசினீங்களோ?"

"கொடிக்குப் பூசேல்லைப் பிள்ளை. பின்துணிக்குத்தான். புதுத்துணி எல்லே."

"அப்ப ஒரு தேங்காயையும் உடைச்சு விட்டிருக்கலாமே."

"பகிடி விடாதை. என்ன செய்யிறது, சொல்லு."

"போய் உள்ளதைச் சொல்லுங்கோ."

"வெக்கமாக் கிடக்கு."

"வெக்கப்பட்டு வெக்கப்பட்டே இந்த நாட்டிலை முப்பது வருசத்தை ஓட்டிப்போட்டீங்கள். நாலு எட்டு வச்சால் அவரின்ர கதவு. தட்டுங்கோ."

தட்டவில்லை. அவருக்குக் கண் தெரியாதுதானே என்று ஒரு கள்ள நினைவு வந்தது. அன்று பின்னேரம் அவரே வந்தார். கொடியைக் கையில் வாங்கி, தடவிப் பார்த்து, தையல் தட்டுப்படாததைக் கண்டு சந்தோசப்பட்டார். பிறகு வழக்கம்போல மூக்கருகே கொண்டுபோனார். அப்படியே நின்றார்.

"மதாம், இதிலை உங்கட குசினிச் சமையலெல்லே மணக்குது."

எல்லாவற்றையும் சொன்னேன். பிரெஞ்சு சரியாக வராத இடங்களில் கையாலும் சொன்னேன். அவர் தலையைச் சரித்து யன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன நிறம் எண்டனீங்கள்?"

"மஞ்சள்."

"எந்த வாலிலை?"

"கீழ் வாலிலை. வெள்ளையிலை."

விரலால் அந்த வாலைத் தடவினார். பிறகு அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துபோனேன். சிரிக்கிறார்!

"சிவப்பும் வெள்ளையும் மஞ்சளும் எண்டால் அது வேறை படை மதாம். என்ர அப்பாவுக்கு அவங்களைக் கண்ணிலை காட்டேலாது. குதிரை ஏற முந்தி முகத்துக்குப் பவுடர் போடுறவங்கள் எண்டு நக்கலடிப்பார். நீங்கள் ஒரு சொட்டிலை அவரை அந்தப் படைக்கு மாத்திப்போட்டியள்!"

சிரித்து முடிய அவருடைய குரல் இறங்கிவிட்டது. அப்போதுதான் விசயத்தைச் சொன்னார். அப்பாவின் படையைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் இருக்கிறது. யுத்தம் முடிந்த பிறகு அதிகாரிமார் சேர்ந்து எழுதினது. இறந்தவர்கள், பதக்கம் வாங்கினவர்கள், பிறகு இங்கிலாந்துக்குப் போய் அதே படையின் பெயரில் டாங்கி ஓட்டினவர்கள் என்று எல்லாருடைய பெயரும் இருக்கிறது. அவருடைய அப்பாவின் பெயர் மட்டும் இல்லை. அவர் இறக்கவில்லை, பதக்கம் வாங்கவில்லை, டாங்கி ஓட்டவுமில்லை. பிரான்சின் வடக்கே நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்குப் போய்விட்டார். இந்தக் கொடியை நூதனசாலை எடுத்து, கீழே அவருடைய பெயரையும் எழுதினால்தான் உண்டு.

"எனக்குப் பிள்ளையில்லை, மதாம். எனக்குப் பிறகு, அவர் அந்தப் படையிலை இருந்தவர் எண்டு சொல்ல ஒரு எழுத்தும் இல்லை. வேறை படையின்ர நிறத்தோடை கிடந்தால் அவள் இதை எடுப்பாளே?"

இதைச் செய்தவள் நான்தான். ஆனால் மஞ்சளைப் பற்றி எனக்கு ஒன்று தெரியும். சவர்க்காரத்துக்கு மசியாத மஞ்சள் வெயிலுக்கு மசியும். சமையல் கறை பட்ட சேலையை எத்தனை தரம் வெயிலில் போட்டு எடுத்திருப்பேன்.

"வெயில் எடுக்கும் முசியே" என்றேன்.

அவர் யன்னல் பக்கம் கையைக் காட்டினார். பாரிசின் நவம்பர் வானம், ஈயச் சட்டியைக் கவிழ்த்தது போல இருந்தது.

அடுத்த நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் வெயில் பிடிக்கத் தொடங்கினோம். காலையில் வெயில் வந்தால் என் குசினி யன்னலுக்குத்தான் வரும், ரெயில் தண்டவாளங்களின் மேலாக. மத்தியானம் படிக்கட்டுக்கு மேலிருக்கும் கூரைக் கண்ணாடியால் ஒரு துண்டு விழும். பின்னேரம் முசியேயின் அறை. தையலைப் பிரித்துப் பின்துணியை எடுத்துவிட்டேன். சிவப்பு வெளிறாமல் இருக்க அதன் மேல் ஒரு கறுத்த பிளவுஸ் துணியை வைத்து மூடினேன். மஞ்சள் மட்டும் வெளியில். ஒரு தட்டில் குழந்தையைக் கிடத்துவது போலக் கொடியைக் கிடத்தி, யன்னல் யன்னலாகத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் தான் உட்காருகிற கதிரையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

வெயில் வராத நேரம் கனக்க. காத்திருக்கிற நேரத்தில் அவர் படையின் கதையைச் சொன்னார். அந்தப் பதின்மூன்று நாளும் எனக்கு ஒரு நீண்ட கனவு போலத்தான் ஞாபகம் இருக்கிறது. எது எந்த நாள் சொன்னது, எது என் கனவில் வந்தது என்று பிரிக்க முடியவில்லை.

குதிரையை எனக்குப் பழக்கமில்லை. கோயிலில் வேட்டைத் திருவிழாவுக்கு வெளிக்கிடுகிற மரக்குதிரைதான் தெரியும். முன்னங்கால் இரண்டையும் தூக்கி, பல் தெரிய, கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கும். அவர் சொல்லச் சொல்ல என் மனதில் ஓடினதெல்லாம் அந்த மரக்குதிரைகள்தான். நூற்றுக்கணக்கான மரக்குதிரைகள் பனிப்புகாருக்குள்ளால் சத்தமில்லாமல் போயின.

அவருடைய நாட்டை மூன்று அரசுகள் நூறு வருசத்துக்கு மேல் பங்குபோட்டு வைத்திருந்தனவாம். முதல் பெரிய யுத்தம் முடிந்தபோது நாடு திரும்ப ஒன்றானது. அந்த மாதங்களில்தான் படையும் பிறந்தது. ஒருவனுக்குக் காற்சட்டை ஒரு அரசனுடையது, மேற்சட்டை இன்னொரு அரசனுடையது. வண்டில் இழுத்த குதிரை, உழுத குதிரை, பெரிய வீட்டுச் சவாரிக் குதிரை எல்லாம் ஒரே வரிசையில். உழுத குதிரை வயலைக் கண்டால் போதும், தன்பாட்டில் நேர்கோடாய் நடக்கத் தொடங்கிவிடுமாம். பிறகு கிழக்கே ஒரு யுத்தம். போகும்போது பச்சையாய் நின்ற கோதுமை, திரும்பி வரும்போது அறுத்து முடிந்திருந்ததாம். அதைச் சொன்னபோது உயரப் பாலத்தில் இரண்டாம் இலக்க மெத்ரோ ரெயில் போனது. அதன் கண்ணாடிகளில் பட்ட வெளிச்சம் எங்கள் சுவரில் வரிசையாக ஓடி மறைந்தது. "இப்பிடித்தான் போயிருப்பினம்" என்றார். அவருக்குக் கடைக்கண்ணில் அது தெரிந்திருக்கிறது.

பிறகு இருபது வருசம் சண்டையில்லை. அந்தக் காலத்தில்தான் அவருடைய அப்பா, ஒரு விவசாயியின் மகன், படையில் சேர்ந்தார். ஊதுகுழல்காரருக்கு வெள்ளைக் குதிரை. ஒவ்வொரு படையைப் பற்றியும் மற்றப் படைகள் இரண்டு வரியில் ஒரு நக்கல் பாட்டு வைத்திருப்பார்களாம். குடிக்கும்போது பாடுவது. தன்னைப் பற்றின பாட்டைத் தானே உரக்கப் பாடுகிறவன்தான் நல்ல குதிரை வீரன்.

"உங்கட அப்பான்ர படையைப் பற்றி என்ன பாடுவினம்?"

"சண்டைக்குப் பிந்தி வருவினம், சாப்பாட்டுக்கு முந்தி வருவினம் எண்டு. பாடிக் காட்டவோ?"

போலந்துப் பாசையில் பாடினார். படிக்கட்டில் எதிரொலித்தது. கீழ்மாடியில் யாரோ கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சாத்தினார்கள். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஆனால் சிரித்துவிட்டேன்.

ஆறாம் நாள் நல்ல வெயில். அன்றைக்கு மஞ்சள் பாதியாக வெளுத்தது. "இருக்கோ?" என்று கேட்டார். எப்போதும் அதையே கேட்பார். "இருக்கு. ஆனால் தேசிக்காய் நிறமில்லை. தோடம்பூவுக்குள்ளை இருக்கிற மெல்லிய நிறம்" என்றேன். அதற்குப் பிறகு மூன்று நாள் மழை.

அந்த மழை நாட்களில்தான் இரண்டாவது பெரிய யுத்தத்தைச் சொன்னார். ஈட்டியோடு போய் டாங்கியைக் குத்தினவர்கள் என்று உலகம் முழுக்க ஒரு கதை இருக்கிறதாம். அதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும்.

"பொய் மதாம்! அவை என்ன விசரரே? குதிரை போறதுக்குத்தான். இடத்துக்குப் போனால் இறங்கி, நிலத்திலை கிடந்துதான் சுடுறது. ஈட்டியெல்லாம் அனேகமா வண்டிலிலைதான் கிடந்தது."

"அப்ப குதிரையளை ஆர் பாக்கிறது?"

அவர் என் பக்கம் தலையைச் சரித்தார். அந்தக் கேள்வியை யாராவது கேட்கட்டும் என்று எண்பது வருசமாக இருந்தவர் போல.

"அதுதான் என்ர அப்பா."

நாலு பேருக்கு ஒருவர். மூன்று பேர் இறங்கிக் கடிவாளத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சண்டைக்குப் போவார்கள். அவர் தன்னுடையதோடு நாலு குதிரைகளைப் பிடித்துக்கொண்டு காட்டோரம் நிற்பார். மேலே விமானம் போனால் குதிரைகள் நாலும் நாலு பக்கம் இழுக்கும். விட்டால் போனவர்கள் திரும்பி வர வழியில்லை. அதனால் விடக்கூடாது. அவர் அந்த யுத்தத்தில் ஒரு தரமும் சுடவில்லை.

ஒரு காட்டோரத்தில் அவருடைய மூன்று பேரும் திரும்பி வரவில்லை. காலையில் போனவர்கள். மத்தியானம் சத்தம் நின்றுவிட்டது. போ என்று ஒருவரும் சொல்லவில்லை. பொழுதுபடும் வரை நாலு குதிரையையும் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஒன்றில் ஏறி, மூன்றை நடத்திக்கொண்டு படையைத் தேடிப் போனார். கடைசியில் மிஞ்சினவர்கள் தெற்கே எல்லையைக் கடந்து அடுத்த நாட்டிடம் ஆயுதத்தையும் குதிரையையும் ஒப்படைத்தபோது, ஆட்கள் குதிரையின் முகத்தைக் கட்டிப்பிடித்து அழுதார்களாம். எல்லைக்காரன் இவரைப் பார்த்து, ஒரு ஆளுக்கு ஏன் நாலு குதிரை என்று கேட்டானாம். பாசை தெரியாததால் இவர் பதில் சொல்லவில்லை. வண்டிலில் கிடந்த தன்னுடைய ஈட்டியிலிருந்து இந்தக் கொடியை அவிழ்த்து, சட்டைக்குள் வயிற்றில் சுற்றிக்கொண்டார்.

"சாகும் வரைக்கும் இரவுச் செபம் முடிய அந்த மூண்டு பேரையும் சொல்லுவார். எனக்கும் அந்தப் பெயர்கள் மனப்பாடம்."

மழை யன்னலில் வழிந்துகொண்டிருந்தது. நான் ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. மகளுக்குக்கூட முழுதாகச் சொல்லாததை அவருக்குச் சொன்னேன். ஊரில் யுத்த காலத்தில் என் அண்ணை ஒரு காலையில் சைக்கிளை என் கையில் தந்துவிட்டு, "பிடிச்சுக்கொண்டு நில், உள்ளை ஒருக்கால் வரட்டாம், இந்தா வாறன்" என்று ஆமி முகாமுக்குள் போனவர். பொழுதுபடும் வரை நின்றேன். எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. இருட்டுகிற நேரம் உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவ்வளவுதான்.

அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. தலையை என் பக்கம் சரித்து, "சைக்கிள் என்ன நிறம்?" என்று கேட்டார்.

"பச்சை" என்றேன்.

பதின்மூன்றாம் நாள் மத்தியானம் கூரைக் கண்ணாடியால் ஒரு கையகல வெயில் விழுந்தது. அது நகர நகரத் தட்டையும் நகர்த்திக்கொண்டு படி படியாய் இறங்கினோம். மூன்றாம் மாடி வரை போய்விட்டோம். வெயில் போனபோது மஞ்சள் அநேகமாகப் போயிருந்தது. வாலின் கோடியில் மட்டும், தெரிந்தவருக்குத் தெரிகிற மாதிரி ஒரு மெல்லிய நிறம் மிஞ்சியது.

"இருக்கோ?"

"கொஞ்சம் இருக்கு முசியே."

அவர் கதிரையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினார்.

நூதனசாலைக்காரி அடுத்த நாள் காலை வந்தாள். நாற்பது வயதிருக்கும், சாம்பல் நிறக் குளிர்ச்சட்டை. முசியே என்னையும் வந்திருக்கச் சொன்னதால் கதவோரத்தில் ஒரு ஸ்டூலில் இருந்தேன். அவள் வெள்ளைக் கையுறை போட்டு, கொடியை மேசையில் விரித்து, பூதக்கண்ணாடியால் அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். வாலின் கோடிக்கு வந்ததும் நின்றாள்.

"இது என்ன நிறம்?"

"பழசு. பழந்துணியிலை வாற கறைதான்" என்றார் முசியே, யன்னலைப் பார்த்துக்கொண்டு.

எனக்காகப் பொய் சொல்கிறார். அந்த வீட்டில் அதுவரை நான் கேட்ட ஒரே பொய். அவள் தலையாட்டிவிட்டு எழுதப் போனாள். நாளைக்கு அந்தக் கறையை யாராவது ஆராய்ந்து, வேறு படையின் கொடி என்றோ கள்ளக்கொடி என்றோ சொன்னால், நாலு குதிரையோடு நின்ற அந்த மனிதன் திரும்பவும் ஒருவருமில்லாமல் போய்விடுவார். நான் எழும்பி நின்றேன்.

"இல்லை மதாம். அது என்ர. மஞ்சள். நாங்கள் சமைக்கிற மஞ்சள்."

எல்லாவற்றையும் சொன்னேன். புதுத்துணி, வழக்கம், இஸ்திரி, சவர்க்காரம், வெயில். முகம் நெருப்பாய்ச் சுட்டது. அவள் கையுறையோடு கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள்.

"நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால், எங்கட ஆக்கள் இந்த மூலையைப் பாத்தே ஒரு வருசம் மண்டையை உடைச்சிருப்பினம்" என்றாள். சிரித்தாளா என்று நிச்சயமாய்ச் சொல்ல மாட்டேன். "பின்துணி வச்ச வேலையையும் எங்களிட்டை விட்டிருக்கலாம்."

பிறகு, இது யாருடைய கையில் இருந்தது என்று கேட்டாள். முசியே அப்பாவின் பெயரைச் சொன்னார். அவள் தான் கொண்டுவந்திருந்த அந்தத் தடித்த புத்தகத்தைப் புரட்டினாள்.

"அதிகாரியோ?"

"இல்லை."

"பதக்கம்?"

"இல்லை. குதிரை பிடிச்சவர்."

"அந்தப் பெயர் இதிலை இல்லையே முசியே. கொடியைக் கொண்டுபோறன். பெயர் போடுறது என்ர கையிலை மட்டும் இல்லை. ஒரு அத்தாட்சி வேணும்."

காகிதம் ஒன்றும் அவரிடம் இல்லை. மேசையில் இரண்டு கையையும் வைத்தார். பிறகு, செபம் சொல்கிற குரலில், மூன்று பெயர்களைச் சொன்னார். ஒன்றன் பின் ஒன்றாக, நிறுத்தி நிறுத்தி. அவள் இறந்தவர்களின் பட்டியலில் விரலை ஓட்டினாள். விரல் ஓரிடத்தில் நின்றது, இன்னோரிடத்தில் நின்றது, மூன்றாவதிலும் நின்றது. மூன்று பேரும் ஒரே நாள், ஒரே காடு. அவள் புத்தகத்தை மூடாமல், அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"கேட்டுப் பாக்கிறன்" என்றாள்.

பனி முடிந்து மரங்கள் துளிர்க்கிற நேரம் முசியேக்குக் கண் முழுதாகப் போய்விட்டது. ஆர்ஜொந்தெய்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்தது. போகிற அன்று கதவிலிருந்த பித்தளைத் தகட்டைக் கழற்றுவித்து என்னிடம் தந்தார். "அங்கை கடதாசியிலை எழுதித்தான் ஒட்டுவினமாம். இது உங்களிட்டை இருக்கட்டும்" என்றார். நூதனசாலைக்கு என் விலாசத்தைத்தான் கொடுத்திருந்தார்.

கோடையில் போலந்து முத்திரையோடு ஒரு பெரிய கடித உறை வந்தது. நான் உடைக்கவில்லை. தகட்டையும் உறையையும் பைக்குள் வைத்துக்கொண்டு சான்-லாசார் ஸ்டேசனில் ரெயில் ஏறினேன். ஆற்றைக் கடக்கும்போது தண்ணீரெல்லாம் வெயில். இவ்வளவு வெயில் அப்போது எங்கே போயிருந்தது என்று நினைத்தேன்.

முசியே இல்லத்துத் தோட்டத்தில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். என் செருப்புச் சத்தத்திலேயே ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்.

"வந்திட்டுதோ?"

"ஓம்."

உறைக்குள் மெல்லிய புத்தகம் ஒன்று. நடுப் பக்கத்தில் கொடியின் படம், நிறத்தோடு. கீழ் வாலின் கோடியில் என்னுடைய மஞ்சளும் அப்படியே விழுந்திருந்தது. படத்துக்குக் கீழே ஆறேழு வரி, போலந்துப் பாசை. அவருக்குக் கண் இல்லை, எனக்குப் பாசை இல்லை. பைக்குள்ளிருந்து தகட்டை எடுத்துப் படத்துக்குக் கீழே பிடித்து, எழுத்து எழுத்தாக வைத்துப் பார்த்துக்கொண்டு போனேன். இரண்டாம் வரியில் என் விரல் நின்றது.

"முசியே, உங்கட கதவிலை இருந்தது இஞ்சை இருக்கு."

"வடிவாப் பாருங்கோ."

"பத்தொன்பது வருசம் பாத்த எழுத்து முசியே. எனக்குத் தெரியாதே?"

"அதுக்கு முன்னாலை ஒரு சொல் இருக்கோ? அது என்ன மாதிரி?"

அவருடைய உள்ளங்கையை விரித்து, அந்தச் சொல்லை ஒவ்வொரு எழுத்தாக விரலால் கீறிக் காட்டினேன். நாலாவது எழுத்தில் அவருக்கு விளங்கிவிட்டது, அப்பாவின் பெயர். மிச்சத்தைக் கீற விடவில்லை. கையைப் பொத்திக்கொண்டார். பணிப்பெண் தேத்தண்ணி கொண்டுவந்தபோதும் அந்தக் கையைத் திறக்கவில்லை. மற்றக் கையால்தான் வாங்கிக் குடித்தார்.

இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. பெயருக்குப் பிறகு இன்னும் நாலைந்து வரிகள் இருக்கின்றன. அங்கே போலந்துப் பாசை தெரிந்தவர் ஒருவரும் இல்லை. நாலு குதிரையைப் பற்றி எழுதியிருக்கிறார்களா, என் மஞ்சளைப் பற்றியும் எழுதிவிட்டார்களா என்று தெரியவில்லை. புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. இதை வாசிக்கிறவர்களில் அந்தப் பாசை தெரிந்தவர் யாராவது இருந்தால், ஒருக்கால் வந்து அந்த வரிகளைப் பார்த்துச் சொல்லுங்கோ. நான் எழுதினதில் சிவப்பு மேலேயா வெள்ளை மேலேயா, அந்த எல்லை தெற்கேதானா என்பதையும் சரி பாருங்கோ. பிழையிருந்தால் திருத்திவிடலாம். முசியேக்கு வாசித்துக் காட்ட வேண்டும், அவர் காத்துக்கொண்டிருக்கிறார்.